ஸ்பைரலைசர்: எதை வாங்குவது, எப்படி வெட்டுவது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

காய்கறிகளை நீண்ட சுருள் இழைகளாக வெட்டித் தரும் ஸ்பைரலைசர் குறித்து வந்த கேள்விகளில் ஒரு பகுதி எதை வாங்குவது என்பதைப் பற்றியவை. மற்றவை, வாங்கிய கருவி ஏன் ஒழுங்காக வெட்டவில்லை, வெட்டியதைச் சமைத்தால் ஏன் குழைந்துவிடுகிறது என்பவற்றைப் பற்றியவை. பெரும்பாலானவற்றுக்கு விடை கருவியைவிட அதில் மாட்டப்படும் காயில்தான் இருக்கிறது என்பதால், பதில்களிலும் காயைப் பற்றிய பேச்சே அதிகமாக இருக்கும்.

கேள்வி: கையில் பிடித்துத் திருகுவது, மேசையில் வைத்துச் சுற்றுவது, மின்சாரத்தில் ஓடுவது என மூன்று வகைகள் இருக்கின்றன. வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே. எங்களுக்கு எது பொருந்தும்?

பதில்: ஆட்களின் எண்ணிக்கையை அடுத்ததாகப் பார்த்துக்கொள்ளலாம், எந்தக் காயை அடிக்கடி வெட்டப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கையில் பிடிக்கும் வகை, பென்சில் சீவியைப் போலவே வேலை செய்கிறது: கூம்பு வடிவ வாய்க்குள் காயை நுழைத்துத் திருகினால், உள்ளே பதிந்திருக்கும் பிளேடு அதன் ஓரத்தை இழையாகச் சீவிக்கொண்டே வரும். சுக்கினி (பார்க்க வெள்ளரியைப் போலிருக்கும் பூசணிக் குடும்பக் காய்), வெள்ளரி போன்ற மென்மையான, உருண்டு நீண்ட காய்களை ஒருவருக்கோ இருவருக்கோ வெட்ட இதுவே போதும். சமையலறை இழுப்பறையின் ஒரு மூலையில் அடங்கியும் விடும். ஆனால் பீட்ரூட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்று போனால் மணிக்கட்டு வலிக்கத் தொடங்கும். அகன்ற காய் அந்த வாய்க்குள் நுழையவும் செய்யாது.

கடினமான காய்களுக்கு மேசை வகைதான் சரி. காயின் ஒரு முனையை முட்கள் உள்ள தட்டில் குத்தி, மறுமுனையை பிளேடின் மேல் பொருத்திக் கைப்பிடியைச் சுற்றும்போது, விசை விரல்களிலிருந்து தோளுக்கு மாறிவிடுகிறது. இதிலும் காயைப் படுக்கவைத்துத் தள்ளும் அமைப்பு, நிற்கவைத்து மேலிருந்து அழுத்தும் அமைப்பு என இரண்டு உண்டு. முன்னதில் ஒரு கை தள்ள, மறு கை சுற்ற வேண்டும்; பின்னதில் கையின் எடையே அழுத்தத்தைத் தந்துவிடுவதால் வேலை சற்று எளிது, ஆனால் நீளமான காயைப் பாதியாக நறுக்க வேண்டியிருக்கும். மின்சார வகையை மூட்டுவலி உள்ளவர்களுக்கும், பலருக்குச் சமைப்பவர்களுக்கும் மட்டுமே நான் பரிந்துரைப்பேன். அதில் காய் இறங்கும் குழாய் பல மாதிரிகளில் குறுகலாக இருப்பதால் பெரிய காய்களை முன்கூட்டியே செதுக்கிச் சிறிதாக்க வேண்டும். கழுவ வேண்டிய பாகங்களும் அதிகம்.

கேள்வி: மேசை வகையை வாங்கும்போது எவற்றைப் பார்த்து வாங்க வேண்டும்? ஏழு, பத்து பிளேடுகள் தரும் மாதிரிகள் மேலானவையா?

பதில்: இல்லை. மெல்லிய இழைக்குச் சுமார் 3 மில்லிமீட்டர், தடித்த இழைக்குச் சுமார் 6 மில்லிமீட்டர், நாடா போன்ற அகன்ற சுருளுக்கு ஒரு தட்டை பிளேடு ஆகிய மூன்றும் இருந்தால் வீட்டுச் சமையலின் தேவை நிறைவேறிவிடும். பிளேடுகளின் எண்ணிக்கையைவிட, பயன்படுத்தாதவற்றைக் கருவியின் அடிப்பகுதியிலேயே செருகி வைக்க இடம் இருக்கிறதா, மாற்று பிளேடு தனியாகக் கிடைக்கிறதா என்பவை முக்கியம். பல் பல்லாக அமைந்த இந்த பிளேடுகளை வீட்டில் சாணை பிடிப்பது ஏறக்குறைய இயலாத காரியம். மழுங்கினால் மாற்றத்தான் வேண்டும்.

அடுத்தபடியாக, கால்களைப் பாருங்கள். காற்றை வெளியேற்றி மேடையைக் கவ்விப்பிடிக்கும் ரப்பர் கால்கள் தடித்தும் வளைந்துகொடுப்பதாகவும் இருக்க வேண்டும். சிறு நெம்புகோலால் பூட்டும் கால் இருந்தால் இன்னும் நல்லது. கைப்பிடியைச் சுற்றிப் பார்த்து, அதன் அச்சு அங்குமிங்கும் ஆடுகிறதா என்றும் கவனியுங்கள். காயில்லாமலே ஆடும் அச்சு, காய் மாட்டிய பிறகு நிச்சயம் ஆடும்.

கேள்வி: நீண்ட இழை வரும் என்று எதிர்பார்த்தால், பிறை பிறையாகத் துண்டுகள்தான் விழுகின்றன. கருவியில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் கோளாறு காயை மாட்டிய விதத்தில் இருக்கும். காய் தன் நடு அச்சில் சுழன்றால்தான் பிளேடு ஒவ்வொரு சுற்றிலும் இடைவிடாமல் அதன் முகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். மையம் சற்று விலகினாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் பிளேடு வெறும் காற்றை வெட்டும். அந்த இடத்தில் இழை அறுந்து பிறையாக விழும். இதை நீங்களே சோதிக்கலாம். நான்கைந்து சுற்றுகளுக்குப் பிறகு காயைக் கழற்றி, வெட்டுப்பட்ட முகத்தைப் பாருங்கள். பிளேடின் நடுவிலுள்ள வளையம் அங்கே ஒரு சிறு வட்டத் தடத்தைப் பதித்து, அதற்குள் வெட்டப்படாத ஒரு குச்சியை விட்டிருக்கும். அந்த வட்டம் காயின் நட்டநடுவில் இல்லாமல் ஓரமாக ஒதுங்கியிருந்தால், காரணம் தெரிந்துவிட்டது. முட்களிலிருந்து எடுத்துச் சற்றே நகர்த்திக் குத்துங்கள்.

வட்டம் நடுவில் இருந்தும் இழை அறுகிறது என்றால் காயின் வடிவத்தைப் பாருங்கள். வளைந்த சுக்கினியை முழுதாக மாட்டினால் எந்தக் கருவியும் நேராக வெட்டாது. வளையும் இடத்தில் அறுத்து இரண்டு நேரான துண்டுகளாக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு முனைகளும் ஒன்றுக்கொன்று இணையாக, தட்டையாக நறுக்கப்பட்டிருக்க வேண்டும். குறுக்களவு சுமார் 4 சென்டிமீட்டருக்குக் குறைந்த காயில் நடுக்குச்சி போக இழையாவதற்குச் சதை அதிகம் மிஞ்சாது. மெல்லிய கேரட்டுகள் ஏமாற்றம் தருவது இதனால்தான். இவையெல்லாம் சரியாக இருந்தும் இழை கிழிந்து, ஓரம் பிசிறாக வந்தால்தான் பிளேடு மழுங்கிவிட்டதோ என்று சந்தேகிக்க வேண்டும். மறுபக்கம், இழை நன்றாக வருகிறது, ஆனால் பரிமாற முடியாத அளவுக்கு நீண்டுவிடுகிறது என்று எழுதியவர்கள், காயை மாட்டும் முன் அதன் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாக, மையம்வரை மட்டும் ஒரு கீறல் போட்டுவிட்டால், ஒவ்வொரு சுற்றும் தனித் துண்டாக விழும். கத்தரிக்கோலும் அதே வேலையைச் செய்யும்.

கேள்வி: எந்தெந்தக் காய்களை இதில் வெட்டவே கூடாது?

பதில்: நடுவில் குழியுள்ளவை, கொழகொழப்பானவை, உள்ளெல்லாம் விதையாக இருப்பவை. கத்தரிக்காயின் சதை பஞ்சுபோல் மென்மையாக இருப்பதால் இழை உருவாகும் முன்பே நொறுங்குகிறது. தக்காளியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. கழுத்து நீண்ட பரங்கி வகையில் விதைக்குழி இருக்கும் அடிப்பகுதியை ஒதுக்கிவிட்டு, கெட்டியான கழுத்துப் பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள். முள்ளங்கி, நூல்கோல், பீட்ரூட், உருளைக்கிழங்கு ஆகியவை தாராளமாகச் சுழலும். ஆப்பிளும் சுழலும், அதன் விதைப்பகுதியில் பெரும்பங்கு நடுக்குச்சியோடு போய்விடுவதால், சிதறும் ஓரிரு விதைகளைப் பொறுக்கினால் போதும்.

கேள்வி: சுக்கினி இழைகளைச் சமைத்தால் தட்டில் தண்ணீர் தேங்குகிறது. சாஸ் நீர்த்துப்போகிறது. என்ன செய்வது?

பதில்: சுக்கினியின் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு தண்ணீர். இழையாக வெட்டும்போது செல் சுவர்கள் பரவலாக அறுபடுகின்றன. அதன் மேல் உப்பும் சூடும் சேர்ந்தால் உள்ளிருக்கும் நீர் வெளியேறித்தான் தீரும். எனவே அந்த நீரை எப்போது வெளியேற்றுவது என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டும். அரைக் கிலோ இழைக்கு அரைத் தேக்கரண்டி உப்பைத் தூவி, வடிதட்டில் 20 முதல் 30 நிமிடம் வைத்துவிட்டு, சுத்தமான துணியில் சுற்றி மெதுவாகப் பிழிந்துவிடுங்கள். பிழிந்தபின் வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு உப்பு சேர்க்க வேண்டும். சேர்த்த உப்பில் ஒரு பங்கு இழையிலேயே தங்கியிருக்கும்.

சமைக்கும்போது அகன்ற வாணலியை நன்றாகச் சூடாக்கி, இழைகளைக் கொஞ்சங்கொஞ்சமாகப் போட்டு, ஓரிரு நிமிடங்களில் இறக்கிவிடுங்கள். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கொட்டினால் வாணலியின் சூடு இறங்கி, இழைகள் தம் நீரிலேயே வெந்து குழையும். மூடி போடவே கூடாது. சாஸைத் தனியாக, வழக்கத்தைவிடக் கெட்டியாகக் காய்ச்சி வைத்து, பரிமாறும் நேரத்தில் சேருங்கள். கோதுமைப் பாஸ்தாவைப் போலக் கொதிநீரில் போட்டு வேகவைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: கேரட்டுக்கு இரண்டு மூன்று நிமிடம் சரி, சுக்கினிக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ஒருமுறை சுக்கினி கடுமையாகக் கசந்தது. மசாலா சேர்த்துச் சமாளிக்கலாமா?

பதில்: கூடாது. சுக்கினி, வெள்ளரி, பூசணிக் குடும்பத்தில் அந்தக் கசப்பு குக்கர்பிட்டசின் என்னும் நச்சுப் பொருளால் வருகிறது. அது சமைத்தாலும் போகாது; வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வயிற்றுவலி ஆகியவற்றை உண்டாக்கக்கூடியது. முதல் இழையை வெட்டியதும் ஒரு சிறு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். வழக்கத்துக்கு மாறாகக் கசந்தால் துப்பிவிட்டு, முழுக் காயையும் எறிந்துவிடுங்கள்.

கேள்வி: உடல் எடையைக் குறைக்க நூடுல்ஸுக்குப் பதில் காய்கறி இழைகளைச் சாப்பிடச் சொல்கிறார்கள். எந்தக் காயாக இருந்தாலும் பலன் ஒன்றுதானா?

பதில்: ஒன்றல்ல. 100 கிராம் பச்சைச் சுக்கினியில் சுமார் 17 கிலோகலோரியும் 3 கிராம் மாவுச்சத்தும் இருக்கின்றன. அதே எடையுள்ள வெந்த கோதுமைப் பாஸ்தாவில் ஏறத்தாழ 150 கிலோகலோரியும் 30 கிராம் மாவுச்சத்தும் இருக்கும். ஆனால் 100 கிராம் சர்க்கரைவள்ளிக்கிழங்கில் 20 கிராம் மாவுச்சத்து உண்டு. இழையாக வெட்டியதால் அது குறைந்துவிடாது. இன்னொன்றும் உண்டு: சுக்கினியில் புரதம் மிகக் குறைவு, எனவே பருப்போ முட்டையோ பனீரோ சேர்க்காமல் உண்டால் சீக்கிரம் பசிக்கும். நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் உணவில் மாவுச்சத்தை ஒரேயடியாகக் குறைக்கும் முன் மருத்துவரிடம் பேசிவிடுவது அவசியம்.

கேள்வி: உருளைக்கிழங்கு இழைகள் கறுத்துப்போகின்றன, பொரித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

பதில்: வெட்டுப்பட்ட செல்களில் உள்ள நொதி காற்றோடு சேர்வதால் நிறம் மாறுகிறது, வெளியே கசியும் மாவுப்பொருளால் இழைகள் ஒட்டுகின்றன. இரண்டுக்கும் ஒரே வழி: வெட்ட வெட்டக் குளிர்ந்த நீரில் போட்டு, நீர் தெளியும்வரை இரண்டு முறை அலசி, ஈரம் துளியும் இல்லாமல் துணியில் ஒற்றி எடுத்த பிறகு பொரியுங்கள். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் பொங்கித் தெறிக்கும். ஓவனில் செய்வதென்றால் சிறிதளவு எண்ணெய் பிசிறி, 200 டிகிரி செல்சியஸில், தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாதபடி பரப்பி, நடுவே ஒருமுறை கிளறிவிடுங்கள். ஓரங்கள் மெல்லியவை என்பதால் கடைசிச் சில நிமிடங்களில் கண்ணை எடுக்கக் கூடாது.

கேள்வி: விடுமுறை நாளில் வெட்டி வைத்துவிட்டு வாரம் முழுவதும் பயன்படுத்தலாமா?

பதில்: கேரட், பீட்ரூட் இழைகள் மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் நான்கைந்து நாள் தாங்கும். சுக்கினியை இரண்டு மூன்று நாளுக்குள், வெள்ளரியை மறுநாளைக்குள் முடித்துவிடுங்கள். டப்பாவின் அடியில் காகிதத் துவாலையை விரித்தால் கசியும் நீரை அது உறிஞ்சிக்கொள்ளும். சுக்கினியை உறையவைத்தால் பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்துவிடுவதால், உருகும்போது கூழாகத்தான் கிடைக்கும்.

கேள்வி: கழுவும்போது விரலை வெட்டிக்கொள்ளாமல் இருக்கவும், ஆரஞ்சுக் கறையைப் போக்கவும் வழி சொல்லுங்கள். கருவி மேடையில் நழுவவும் செய்கிறது.

பதில்: வெட்டி முடித்த உடனே கழுவுங்கள். காய்ந்துபோன நார் பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டால்தான் விரலை வைத்து நோண்டத் தோன்றும், வெட்டுக்காயமும் அப்போதுதான் ஏற்படும். நீண்ட பிடியுள்ள பிரஷ்ஷால், பிளேடின் பின்பக்கத்திலிருந்து கூர்ப்பக்கம் நோக்கித் தேய்த்து, குழாய் நீரைப் பாய்ச்சினால் போதும். நுரைத் தண்ணீர் நிறைந்த பாத்திரத்துக்குள் பிளேடுகளை ஊறப்போடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கூர்முனையின் மேல் கை போய்விடும். கேரட்டின் நிறப்பொருள் கொழுப்பில்தான் கரையும் என்பதால், பிளாஸ்டிக்கில் படிந்த கறையைச் சமையல் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போடுங்கள். நழுவுவதற்குக் காரணம் மேடையாக இருக்கலாம்: மரப்பலகையிலும், ஓடுகளுக்கு இடையிலுள்ள கோட்டின் மேலும் ரப்பர் கால் கவ்வாது. வழுவழுப்பான, மாவும் எண்ணெயும் படியாத இடத்தைத் துடைத்து, கால்களின் அடியைச் சற்றே ஈரமாக்கி அழுத்துங்கள்.

கேள்வி: நடுக்குச்சியையும் கடைசியில் மிஞ்சும் வில்லையையும் கையால் தள்ளி வெட்டிவிடலாமா?

பதில்: அந்தக் கடைசி இரண்டு சென்டிமீட்டருக்காக விரலைப் பணயம் வைக்காதீர்கள். கையில் பிடிக்கும் வகையோடு வரும் முள்மூடியைத் தொலைத்துவிட்டால், மிச்சத்தை முள்கரண்டியில் குத்திப் பிடித்துத் திருகலாம். மேசை வகையில் மிஞ்சுவதைக் கத்தியால் பொடியாக நறுக்கி, அன்றைய சூப்பிலோ பொரியலிலோ போட்டுவிடுங்கள்.