புதினா நடுவுல காயுது, ஓரத்துல துளிர்க்குது, என்ன பண்ண?

கேள்வி: தொட்டியில வச்ச புதினா ஒரு வருஷம் மெத்தை மாதிரி படர்ந்துச்சு. இப்போ நடுவுல வெறும் குச்சி, ஓரத்துல மட்டும்தான் துளிர். தண்ணி தினமும் ஊத்துறேன், உரமும் போட்டாச்சு. செடி சாகுதா?

பதில்: சாகலைங்க, அது நகரப் பாக்குது, தொட்டிதான் விடமாட்டேங்குது. புதினா நட்ட இடத்துலயே நிக்கிற செடி கிடையாது, மண்ணுக்குள்ளயும் மேலயும் ஓடுதண்டு விட்டு ஊர்ந்துகிட்டே போகும், போற வழியில கணுவுக்கு கணு கீழ வேர் மேல துளிர்னு விட்டுகிட்டே போறதால பழைய நடுப்பகுதி கட்டையாகி ஓஞ்சிடும். தரையில இருந்தா அது பாட்டுக்கு தள்ளிப் போயிருக்கும், தொட்டியில சுவத்துல முட்டி வட்டமடிக்குது. கவுத்துப் பாருங்க, வெள்ளையா கயிறு சுத்தி வச்ச மாதிரி தெரியும்.

உரம் போட்டு இது சரியாகாது. மொத்தத்தையும் வெளிய எடுத்து நடுக்கட்டைய தயங்காம தூக்கிப் போட்டுட்டு, ஓரத்து வெள்ளைத் தண்ட ரெண்டு மூணு கணு வர்ற மாதிரி விரல் நீளத்துக்கு வெட்டி, புது மண்ணுல படுக்க வச்சு ரெண்டு இன்ச் மண்ணு மூடுங்க. ஆழமான தொட்டிய விட அகலமான தொட்டிதான் இதுக்கு சந்தோஷம். தண்ணிய கணக்கு வச்சு ஊத்தாதீங்க, விரல விட்டுப் பாத்து மேல்மண்ணு காய ஆரம்பிச்சா ஊத்துங்க, ஈரம் எவ்ளோ பிடிச்சாலும் வேருக்கு காத்தும் வேணும், சேத்துல நின்னா அழுகிடும். இலைக்கு அடியில ஆரஞ்சு கலர் பொடி தெரிஞ்சா அது துரு நோய், அந்தத் தண்டுகள அடியோட வெட்டி தூரப் போடுங்க, உரக்குழியில மட்டும் போட்றாதீங்க.

கேள்வி: பெப்பர்மின்ட் விதை வாங்கிப் போட்டேன். முளைச்சது, ஆனா அந்த குளுகுளு வாசனை இல்லையே?

பதில்: உங்க மேல தப்பில்ல. பெப்பர்மின்ட்ங்கிறது வாட்டர்மின்ட், ஸ்பியர்மின்ட்னு ரெண்டு புதினா வகை கலந்து வந்த கலப்பினம், அதுல பெரும்பாலும் விதையே பிடிக்காது, பாக்கெட்ல இருந்தது வேற ஏதோ புதினாவாத்தான் இருக்கும். அந்த குளிர்ச்சி மெந்தால்னால வர்றது, ஸ்பியர்மின்ட்ல அது ரொம்ப கம்மி, அங்க கார்வோன்ங்கிற வேற வாசனைப் பொருள்தான் அதிகம். முகர்ந்து பாத்து பிடிச்ச செடியிலேர்ந்து ஒரு தண்டு வாங்கி நடுங்க, அதே வாசனை அப்படியே வரும்.

கேள்வி: ஈரத்துல தரையோட படர்ற பென்னிராயல் வச்சிருக்கேன். புதினா வாசனைதானே, டீ போட்டு குடிக்கலாமா?

பதில்: வேணாங்க, தயவுசெஞ்சு வேணாம். பாக்க அழகுதான், கணுவ சுத்தி ஊதாப்பூ பூக்குறப்போ கண்ண எடுக்க முடியாது. ஆனா அதுல புலிகோன்னு ஒரு பொருள் இருக்கு, உடம்புக்குள்ள போனா கல்லீரலயே கெடுக்கும், அதோட எண்ணெய குடிச்சு உயிர் போனவங்களும் உண்டு. கர்ப்பமா இருக்குறவங்க வீட்டுல இருந்தா இன்னும் ஜாக்கிரதை. ஏற்கனவே குடிச்சிருந்து வாந்தி, வயித்துவலி, மயக்கம்னு எது வந்தாலும் உடனே டாக்டர்கிட்ட போங்க, என்ன இலை, எவ்ளோ குடிச்சீங்கன்னு மறைக்காம சொல்லுங்க.