வீட்டு விளக்கா, வாசல் விளக்கா?

கேள்வி: யூத சிந்தனையில் குடும்பக் கடமையும் சமூகக் கடமையும் மோதிக்கொண்டால் எதற்கு முதலிடம்?

ஒரே சொல்லில் கேட்டால், வீட்டுக்கு. ஆனால் அந்தப் பதிலை எழுதி வைத்த அதே தல்மூதில், அதாவது யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களும் கதைகளும் அடங்கிய பழைய தொகுப்பில், அதை மீறியவர்களின் கதைகளும் வரிசையாக இருக்கின்றன. (நான் யூதனல்ல. சில வருடங்களாகத் தல்மூதை மொழிபெயர்ப்பில் வாசித்து வருகிறேன், அவ்வளவுதான்.)

முதலில் சட்டம். ஹனுக்கா பண்டிகையின் விளக்கு ஊருக்கானது. எருசலேம் கோயிலில் நடந்த அற்புதத்தை நாலு பேர் அறியச் செய்வதுதான் அதன் வேலை; அதனால் அதை வாசலுக்கு வெளிப்பக்கம் வைக்கச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது சபாத் என்ற வாராந்திர ஓய்வுநாளுக்கு ஏற்றும் விளக்கு வீட்டுக்கானது. குடும்பம் இருட்டில் தடுமாறாமல் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஹனுக்கா எட்டு நாள் என்பதால் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தே தீரும். அன்றைக்கு ஒரு விளக்குக்குத்தான் எண்ணெய் வாங்கக் காசிருக்கிறது என்றால் என்ன செய்வது? வீட்டு விளக்கை ஏற்று என்கிறது தல்மூத் (சபாத் என்ற பகுதி, 23ஆம் ஏடு). சொல்லும் காரணம் வீட்டின் அமைதி; 'ஷலோம் பயித்' என்று இன்றும் யூதக் குடும்பங்களில் புழங்கும் சொல். 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடீஸ் தம் சட்டத் தொகுப்பில் ஹனுக்கா விதிகளை இந்தத் தீர்ப்பில் கொண்டுவந்துதான் முடிக்கிறார். தருமத்திலும் இதே வரிசைதான்: முதலில் உன் வீட்டு ஏழை, பிறகு உன் ஊர் ஏழை, அப்புறம்தான் அடுத்த ஊர்.

இன்னொரு சட்டம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கணவன் எத்தனை நாளுக்கு ஒருமுறை மனைவியோடு இருந்தாக வேண்டும் என்று, தல்மூதுக்கு அடித்தளமான சட்டத் தொகுப்பான மிஷ்னா தொழில்வாரியாகக் கணக்குப் போடுகிறது. வேலைக்குப் போக வேண்டாத வசதிக்காரன் தினமும், கூலியாள் வாரம் இருமுறை, கழுதை ஓட்டுபவன் வாரம் ஒருமுறை, ஒட்டகம் ஓட்டுபவன் 30 நாளுக்கு ஒருமுறை, மாலுமி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. (ஒட்டகக்காரர் வீட்டு நிலவரம் தெரிந்தவர்கள்தான் இதை எழுதியிருக்க வேண்டும்.) தோரா (யூத வேதம்) படிக்கப் போகிறவர்கள் மனைவியைக் கேட்காமல் 30 நாள் வெளியூரில் தங்கலாம். அடுத்து வந்த அறிஞர்கள் இதை இரண்டு மூன்று வருடம் என்று நீட்டிவிட்டார்கள். சமூகத்துக்கு அறிஞர்கள் வேண்டுமே!

நீட்டிய கையோடு தல்மூத் ஒரு எச்சரிக்கையும் சேர்க்கிறது: இதை நம்பிப் போனவர்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள். உடனே ரவ் ரெஹூமியின் கதை வருகிறது. அவர் மஹோசா நகரில் ரவா என்ற அறிஞரிடம் பாடம் படித்தவர். வருடத்தில் ஒரே நாள், யோம் கிப்பூர் என்ற பாவமன்னிப்பு நோன்பு நாளுக்கு முந்தின நாள், வீட்டுக்கு வருவார். ஒரு வருடம் பாடம் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டது. "இதோ வந்துவிடுவார், இதோ வந்துவிடுவார்" என்று மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். வரவில்லை. அவள் கண்ணிலிருந்து ஒரு துளி விழுந்தது. அந்த நேரம் அவர் ஒரு கூரைமேல் உட்கார்ந்திருந்தார். கூரை இடிந்தது, இறந்துபோனார். கதை அவ்வளவுதான், ஒரு பத்தி. ரெஹூமி என்ற பெயர் அரமேயத்தில் அன்பைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது.

பிரசங்கங்களில் அதிகம் அடிபடுவது அதற்குச் சற்றுத் தள்ளி வரும் ரப்பி (யூத மத குரு) அகிவாவின் கதை. 12 வருடம் படித்துவிட்டு வீடு திரும்பியவர், "என் பேச்சைக் கேட்டால் அவர் இன்னும் 12 வருடம் படிக்கட்டும்" என்று மனைவி யாரிடமோ சொல்வதைக் கேட்டு அப்படியே திரும்பிப் போனார். கடைசியில் 24,000 மாணவர்களோடு வந்து, மனைவியைக் காட்டி அவர்களிடம், "என்னுடையதும் உங்களுடையதும் இவளுடையதே" என்றாராம் (கல்வியைச் சொல்கிறார்). அழகான வாக்கியம்தான். ஆனால் அவ்வளவு தூரம் வந்த மனிதர் உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றும்.

மோசேயையும் இவர்கள் விட்டுவைக்கவில்லை. பாளையத்தில் இரண்டு பேர் புதிதாகத் தீர்க்கதரிசனம் சொல்கிறார்கள் என்று செய்தி வந்தபோது, "ஐயோ, அவர்கள் மனைவிமார் பாவம்" என்றாளாம் மோசேயின் மனைவி சிப்போராள். தன் கணவர் கடவுளோடு பேசத் தொடங்கியபின் தன்னை விட்டு விலகிவிட்டதைச் சொல்கிறாள். 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி பழைய மரபிலிருந்து எடுத்துச் சொல்வது இது.

இத்தனை கதையிலும் வெளியே போகிறவர் ஆண், காத்திருப்பவர் பெண் என்பதைக் கவனித்திருப்பீர்கள். என் சங்கடம் அங்கேதான். விளக்குச் சட்டத்தில் 'வீட்டின் அமைதி' குடும்பத் தலைவனிடம் "ஊர் இருக்கட்டும், முதலில் உன் வீட்டைப் பார்" என்று சொன்னது. பிற்காலத்தில் அதே சொல்லை வைத்துப் பெண்ணிடம் "நீ வெளியே வராதே" என்று சொன்னார்கள்.

இதற்கு நல்ல உதாரணம், 1919-20இல் பாலஸ்தீன யூதர்கள் தங்கள் முதல் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்தல் நடத்தப் புறப்பட்டபோது எழுந்த சண்டை. பெண்களுக்கு ஓட்டு கூடாது என்றார் அக்காலத்தின் முக்கிய மதத் தலைவரான ரப்பி கூக். குடும்பம் ஒரே அலகு, ஆளுக்கொரு கட்சி என்றானால் வீட்டில் அமைதி குலையும் என்பது அவர் வாதங்களில் ஒன்று. பிற்பாடு செபார்டி (ஸ்பெயின் வழி மரபு யூதர்கள்) தலைமை ரப்பியான பென் சியோன் உசியேல் இந்த வாதத்தை ஏற்கவில்லை. அப்படியானால் அப்பா சோற்றில் வாழும் மகன்களுக்கும் ஓட்டு கொடுக்கக் கூடாதே, அவர்களும்தானே அப்பாவோடு சண்டை போடுவார்கள் என்று கேட்டார். பெண்ணும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவள்தான் என்றும் எழுதினார்.

1920 ஏப்ரலில் தேர்தல் நடந்தது. பெண்கள் ஓட்டுப் போட்டார்கள். தீவிர மரபுவாதிகளுக்கு மட்டும் தனிச் சாவடி வைத்து, அங்கே ஆண்கள் மட்டும் ஓட்டுப் போட, ஒவ்வோர் ஓட்டையும் இரண்டாக எண்ணினார்கள்.