எடை எந்தக் காலில் இருக்கிறது?

கேள்வி: நடனம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதன் அடிப்படைக் கூறுகள் என்ன? இத்தனை பாணிகள் எப்படி வந்தன? ஓர் ஆட்டத்தைப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முப்பத்து நான்கு வயதில் நடன வகுப்பில் சேர்ந்தவள் நான். கூடப் படித்தவர்களில் பாதிப் பேருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். முதல் நாளே ஆடச் சொல்வார்களோ என்று பயந்துகொண்டு போனால், ஒரு மணி நேரம் வெறுமனே நடக்கச் சொன்னார்கள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை. நடுவில் ஆசிரியை கைதட்டுவார், அப்படியே நின்றுவிட வேண்டும். ஒரு தடவை என் பக்கத்தில் வந்து, "இப்ப எடை எந்தக் கால்ல இருக்கு?" என்று கேட்டார். சொந்தக் கால், சொந்த எடை, ஆனால் பதில் தெரியவில்லை. "வலது" என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். அவர் என் வலது முழங்காலைப் பின்னாலிருந்து விரலால் லேசாகத் தட்டினார். கால் பொசுக்கென்று மடங்கியது, நான் விழவில்லை. "அப்ப இடது" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

உங்கள் மூன்று கேள்விக்கும் என்னிடம் இருக்கும் பதில் கிட்டத்தட்ட அவர் கேட்ட அந்த ஒரு கேள்விதான். ஆனால் கூறுகளைக் கேட்டிருக்கிறீர்கள், அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

பாடப்புத்தகங்கள் ஐந்து சொல்லும்: உடல், அசைவு, வெளி, காலம், ஆற்றல். உடலும் அசைவும் சொல்லாமலே புரியும். வெளி என்றால் மேடையின் எந்த இடம், எந்தத் திசை, எவ்வளவு உயரம். ஒரே அடியை நடு மேடையில் வைப்பதும் மூலையில் வைப்பதும் ஒன்றல்ல. காலம் என்றதும் வேகம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஸ்பெயினின் ஃபிளமெங்கோ நடனத்தில் சோலெயா என்ற வகையில் பன்னிரண்டு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்று உண்டு. அழுத்தம் விழுவது 3, 6, 8, 10, 12இல். முதலில் மும்மூன்றாக நிதானமாகப் போய், பிறகு இரண்டிரண்டாக நெருங்கும். வேகம் மாறுவதே இல்லை, ஆனால் கேட்கிறவருக்கு யாரோ துரத்துவது போல இருக்கும். ஐந்தாவதான ஆற்றலைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறோம். கையை உயர்த்துகிறீர்கள். தூரத்தில் போகிறவரைக் கூப்பிடவும் அதே கை, அடிக்க ஓங்கவும் அதே கை. பாதை ஒன்றுதான், பின்னாலிருக்கும் கனம் வேறு.

ருடால்ஃப் லாபன் என்ற நடன ஆய்வாளர் 1928இல் நடனத்தைத் தாளில் எழுத ஒரு குறியீட்டு முறையை வெளியிட்டார். அதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். நடுவில் ஒரு செங்குத்துக் கோடு, இடப்பக்கம் உடலின் இடது, வலப்பக்கம் வலது. நடுக்கோட்டை ஒட்டியே இருக்கும் இரண்டு பத்திகள் எதற்குத் தெரியுமா? எடையைத் தாங்குவது எது என்று குறிப்பதற்கு. கை, உடம்பு எல்லாம் அதற்கு வெளியேதான் வரும். இதைப் பார்த்த அன்று என் ஆசிரியை மேல் எனக்கு மரியாதை இரண்டு மடங்கானது.

சரி, பாணிகளுக்கு வருவோம். பாலேயையும் பரதநாட்டியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் தொடை இடுப்பிலிருந்தே வெளிப்பக்கம் திரும்பியிருக்கும், பாதங்கள் இரு பக்கமும் பார்க்கும். தொடக்கம் ஒன்று, போகிற திசைதான் நேர் எதிர். பரதநாட்டியத்தின் அடிப்படை நிலையான அரைமண்டியில் குதிகால்கள் சேர்ந்திருக்க, முழங்கால்கள் பக்கவாட்டில் மடங்கி, முதுகு நிமிர்ந்து உடம்பு கீழே இறங்கி உட்காரும். அந்த உயரத்திலேயே நின்று உள்ளங்கால் முழுவதும் தரையில் படும்படி 'தையா தை' என்று தட்ட வேண்டும். தட்டும் ஒவ்வொரு தடவையும் உடம்பு மேலே எழும்பிவிடத் துடிக்கும். எழும்பினால் கெட்டது. பாலேயிலும் முழங்காலை மடக்குகிறார்கள், ஆனால் அது வில்லை வளைப்பது மாதிரி. மடங்குவதே மேலே போவதற்குத்தான்.

இந்த மேல்நோக்கு எங்கிருந்து வந்தது? அரண்மனையிலிருந்து. பிரான்சின் பதினான்காம் லூயி 1653இல், பதினான்கு வயதில், சூரியனாக வேடமிட்டு மேடையில் ஆடினார். 1661இல் நடனத்துக்கென்று ஓர் அகாடமியே நிறுவினார். ராஜாவே ஆடும் இடத்தில் குனிந்த முதுகுக்கு என்ன வேலை? பிறகு ஆட்டம் அரண்மனையை விட்டு அரங்கத்துக்கு வந்து, தொழில்முறைக் கலைஞர்கள் கைக்குப் போனது. 1832இல் பாரிஸில் மரீ தாக்லியோனி காற்றில் திரியும் தேவதையாக நுனிக்காலில் நின்றார். இன்றிருக்கும் விறைப்பான முனை அவர் காலணியில் கிடையாது. சாட்டின் துணி, விளிம்பில் தையல், அவ்வளவுதான். மொத்த எடையும் சில விரல்களில், பார்க்கிறவர்களுக்கோ எடையே இல்லாத மாதிரி. பாலே சொல்லும் பொய்களிலேயே அழகான பொய் இது.

அந்தப் பொய்யை உடைத்த நாளுக்குத் தேதி உண்டு: 29 மே 1913. மறுபடியும் பாரிஸ்தான். ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' இசைக்கு ரஷ்ய பாலே கலைஞர் நிஜின்ஸ்கி அமைத்த நடனத்தில் பாதங்கள் உட்பக்கம் திரும்பியிருந்தன, முதுகு கூனியிருந்தது, கால்கள் தரையை மிதித்தன. அரங்கில் ஒரே கூச்சல். ஆடுகிறவர்களுக்கு இசை கேட்காததால், நிஜின்ஸ்கி மேடையோரத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று எண்ணிக்கையைக் கத்தினாராம். அதற்குப் பிறகு வந்த தலைமுறையில் அமெரிக்க நவீன நடனக் கலைஞர் மார்த்தா கிரகாம் வயிற்றை இறுக்கித் தளர்த்துவதிலிருந்தே முழு அசைவையும் எடுத்தார். அதே ஊர்க்காரர் டோரிஸ் ஹம்ஃப்ரி விழுவதையும் மீள்வதையுமே நடனமாக்கினார். மறைத்துவைத்திருந்த எடையே இப்போது கதாநாயகன்.

காலணியால் தரையில் தாளம் தட்டி ஆடும் டாப் நடனம் எனக்குத் தனிப் பிரியம். 1739இல் தென் கரோலினாவில் அடிமைகளின் கிளர்ச்சி நடந்தது. அடுத்த வருடச் சட்டம் அவர்கள் மேளம் வைத்திருப்பதையும் தடை செய்தது. தாளம் அதனால் நின்றுவிடவில்லை. கைதட்டிலும், தொடையிலும் மார்பிலும் தட்டுவதிலும், காலடியிலும் தொடர்ந்தது. அது அயர்லாந்து, இங்கிலாந்திலிருந்து வந்தவர்களின் காலாட்டங்களோடு கலந்து உருவானதுதான் டாப். காலணியில் உலோகத் தகடு பரவலாக வந்தது இருபதாம் நூற்றாண்டில். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காதுக்குக் கனமாகக் கேட்கும் பல ஒலிகளில் காலில் எடையே இருக்காது. 'ஸ்டாம்ப்', 'ஸ்டோம்ப்' என்று இரண்டு அடிகள். இரண்டிலும் முழுப் பாதமும் தரையில் அடிக்கும். முதலாவதில் எடை அந்தக் காலுக்கு மாறும், இரண்டாவதில் மாறாது. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் இதைக் குழப்பினால் அடுத்த அடிக்கு எந்தக் கால் என்று தெரியாமல் விழிக்க வேண்டியதுதான். நானும் விழித்திருக்கிறேன்.

ஜோடியாக ஆடும் டாங்கோவில் இது இரண்டு பேர் விஷயமாகிவிடும். துணையின் எடை எந்தக் காலில் என்று தெரியாமல் ஓர் அடிகூட நடத்திப் போக முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புவெனஸ் அயர்ஸிலும் மான்டெவிடியோவிலும் குடியேறிய ஏழைகளும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் சேர்ந்து வாழ்ந்த பகுதிகளில் பிறந்த ஆட்டம் இது. சொந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள். பாரிஸ் கொண்டாடிய பிறகு அவர்களுக்கும் பிடித்துப்போனது. 2009இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. இப்போது சாதுவாகத் தெரியும் வால்ட்ஸ் என்ற ஜோடி நடனத்தையே 1816இல் லண்டன் டைம்ஸ் ஆபாசம் என்று எழுதியிருக்கிறது!

பரதநாட்டியத்தின் கதை இவ்வளவு எளிதாக முடியவில்லை. அதுவரை சதிர் என்று இருந்த பெயர் 1930களில் பரதநாட்டியம் என்று மாறியது. ருக்மிணி தேவி 1935இல் மேடையேறினார், அடுத்த வருடம் அவருடைய கலைப் பள்ளியான கலாக்ஷேத்ரா வந்தது. 1947இல் சென்னை மாகாணச் சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுத்தது. தடுத்தது சரிதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஆடிக் காப்பாற்றிய குடும்பத்துப் பெண்கள் பலர் மேடையை விட்டே விலக நேர்ந்தது. அந்த மரபில் பிறந்து கடைசிவரை ஆடிய பாலசரஸ்வதி போன்றவர்கள் அபூர்வம். இதையெல்லாம் 'மறுமலர்ச்சி' என்று ஒரே சொல்லில் தாண்டிவிடும் கட்டுரைகளைப் படித்தால் எனக்குக் கோபம் வரும்.

அப்புறம் பிரேக்கிங். 11 ஆகஸ்ட் 1973இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் இசை போட்ட விருந்தைத்தான் ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகச் சொல்வார்கள். பாட்டு நின்று தாளம் மட்டும் வரும் இடம்தான் பிரேக். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி அதை அவர் நீட்டினார். அந்த இடத்துக்காகவே காத்திருந்து களத்தில் இறங்கியவர்களின் ஆட்டம் இது. இங்கே எடை காலை விட்டே போய்விடுகிறது, உள்ளங்கைக்கு, தோளுக்கு, தலைக்கு. 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை போய் வந்துவிட்டது.

எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். ஏதாவது ஒரு நடனக் காணொளியை எடுத்து, முதல் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் பாருங்கள். எடை எப்போது கால் மாறுகிறது, தரையை நம்புகிறாரா தவிர்க்கிறாரா என்று. இரண்டாம் தடவை சத்தத்தோடு. அடி தாளத்தின் மேல் விழுகிறதா, ஒரு மயிரிழை முந்துகிறதா, பிந்துகிறதா என்று கேளுங்கள். கையும் முகமும் மூன்றாம் தடவைக்கு இருக்கட்டும். முகத்தை முதலில் பார்த்தால் கண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். நான் பல வருஷம் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.