‘முந்தின பேறு’ என்றால் படைக்கப்பட்டவரா?

வணக்கம் சகோதரரே. வீட்டுக்கு வந்தவர்கள், இயேசுவை ‘சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறு’ என்று சொல்லும் கொலோசெயர் 1:15-ஐக் காட்டி, “முந்தின பேறு என்றால் முதலில் படைக்கப்பட்டவர்தானே?” என்று கேட்டதும் பதில் சொல்ல முடியாமல் நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, இயேசு படைக்கப்பட்டவர் என்று போதித்த அலெக்சாந்திரியாவின் குரு ஆரியுஸ் கிளப்பிய பழைய வாதம்தான் இது. இதற்காகவே கி.பி. 325-இல் நிசேயா நகரில் திருச்சபையின் ஆயர்கள் கூடி, இயேசு ‘பிறப்பிக்கப்பட்டவர், படைக்கப்பட்டவர் அல்லர்’ என்று அறிக்கையிட்டார்கள்.

சங்கீதம் 89:27-ஐத் திறந்து பாருங்கள். தாவீதை ‘முதற்பேறானவன்’ ஆக்குவேன் என்கிறார் கடவுள். தாவீதோ ஈசாயின் கடைக்குட்டி. அடுத்த ராஜாவை அபிஷேகம் செய்யத் தீர்க்கதரிசி சாமுவேல் வந்த அன்று ஆடு மேய்க்கப் போயிருந்த பையன்! ஆக, அந்தச் சொல் அங்கே பிறந்த வரிசையைச் சொல்லவில்லை, தலைமகனுக்குரிய உரிமையைச் சொல்கிறது. கொலோசெயரிலும் அடுத்த வசனமே ‘சகலமும் அவருக்குள் சிருஷ்டிக்கப்பட்டது’ என்கிறது; அப்படியானால் அவரே படைப்புகளில் ஒருவராக இருக்க முடியாது. உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் 15-ஆம் வசனத்தோடு நிறுத்தியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

யோவான் 8:58-ஐயும் குறித்துக்கொள்ளுங்கள். ஆபிரகாமுக்கு முன்னமே ‘இருந்தேன்’ என்றில்லை, ‘இருக்கிறேன்’ என்கிறார் இயேசு. கடவுளுக்கே உரிய இடத்தைக் கோரும் அது எவ்வளவு பெரிய உரிமைகோரல் என்று கேட்டவர்களுக்குப் புரிந்துவிட்டது, உடனே கல்லெடுத்தார்கள்.

அவர்கள் மறுபடி வந்தால், 16-ஆம் வசனத்தை அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள்.