அப்பச்சிக்கு உடல் வயது 65 என்று வந்தது குடியாலா?

உடல் வயது என்பது பிறந்த தேதியைப் பார்க்காமல், உடல் எவ்வளவு மூப்படைந்திருக்கிறது என்று மதிப்பிடும் எண். குடியை விட்டால் அந்த எண் ஓரளவு இறங்கலாம். ஆனால் 58 வயது அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) ரிப்போர்ட் 65 காட்டுகிறதே, அந்த 7 வருடத்தையும் குடியின் தலையில் போட முடியாது.

வாரம் நாலு குவார்ட்டர் என்கிறீர்கள். 180 மில்லிக்கு ஏறக்குறைய 8 யூனிட் (ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால்), ஆக வாரம் சுமார் 31 யூனிட். 2022இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பிரிட்டனில் சுமார் 2,45,000 பேரின் தரவைப் பார்த்தார்கள். வாரம் 29 யூனிட்டுக்கு மேல் குடித்தவர்களின் டெலோமியர், அதாவது குரோமோசோமின் முனை, 6 யூனிட்டுக்குள் குடித்தவர்களைவிட 1 முதல் 2 வருட மூப்பு அளவுக்குக் குட்டையாக இருந்தது. கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்று காரைக்குடிப் பக்கம் போகும் நாட்களில் குடிப்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரத்தப் பரிசோதனையை வைத்துப் போட்ட வயது என்றால், என் முதல் சந்தேகம் எம்சிவி மேல்தான். அது சிவப்பணுவின் சராசரி அளவு. குடி அதைப் பெரிதாக்கும், சில கணக்கீடுகளில் அது நேராக வயதைக் கூட்டும்.

1. எம்சிவி 100க்கு மேல் இருக்கிறதா பாருங்கள்.
2. இருந்தால் பி12, தைராய்டு இரண்டையும் பாருங்கள். பி12 குறைந்தாலும், தைராய்டு குறைந்தாலும் எம்சிவி ஏறும். ரத்தச் சர்க்கரையையும் பார்க்கத் தவறாதீர்கள்.
3. குடியை விட்டு நாலு மாதம் கழித்து அதே லேபில் எடுங்கள். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும், அதற்குமுன் எடுத்தால் தெளிவாகத் தெரியாது.

ஒன்று மட்டும் கவனம். உண்மையில் தினமும் குடிக்கிறார் என்றால் திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். கைநடுக்கம், வலிப்பு வரை போகலாம். முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.