நட்சத்திரங்களுக்கு வீடு வடிவமைக்கும் கட்டடக் கலைஞரின் வாழ்க்கை எப்படி இருக்கும்?

கிருஷ்ணகிரியில் 14 ஆண்டுகளாக வீடுகளுக்கு வரைபடம் போட்டு வருகிறேன். திரை நட்சத்திரம் எவரும் என்னிடம் வந்ததில்லை. கிரானைட் குவாரிக்காரர்களும் மாங்கூழ் ஆலை நடத்துபவர்களுமே எங்கள் ஊர்ப் பிரபலங்கள். ஆயினும் இந்தக் கேள்வியைப் படித்ததும் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் பால் ரெவியர் வில்லியம்ஸ் (1894–1980) என் நினைவுக்கு வந்தார்.

நான்கு வயதுக்குள் தாய் தந்தையை இழந்த அந்தக் கறுப்பினத்தவர், 1923இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் முதல் கறுப்பின உறுப்பினரானார். பாடகர் பிராங்க் சினாட்ராவுக்கும் நடிகை லூசில் பாலுக்கும் வீடு வடிவமைத்தவர் அவரே. வெள்ளையர்கள் தம் அருகில் அமரக் கூசுவார்கள் என்பதை அறிந்து, மேசைக்கு இந்தப் பக்கம் தாம் அமர்ந்தபடியே, எதிரில் இருப்பவருக்கு நேராகத் தெரியும் வண்ணம் தலைகீழாக வரையப் பழகினார். தாம் வடிவமைத்த மாளிகைகள் நிற்கும் பகுதிகள் பலவற்றில் தமக்குக் குடியிருக்க இடமில்லை என்பதை 1937இல் அவரே ஒரு கட்டுரையில் எழுதினார்.

அந்தத் தலைகீழ் வரைதலை நானும் முயன்றேன். படிக்கட்டு ஒழுங்காக வருவதற்கே ஆறு மாதம் பிடித்தது. கணினியில் அச்சிட்டுக் கொடுத்தால் வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டுப் போவார், மாற்றங்களைச் சுவர் எழும்பிய பிறகே சொல்வார். கண்முன் பென்சிலால் வரையும்போதோ, அதுவரை வாசற்படியருகே பேசாமல் நின்ற வீட்டுக்கார அம்மா, "தம்பி, அக்னி மூலையில சமையலறை சரிதான், ஆனா சாயங்கால வெயில் எங்க விழும்?" என்று கேட்டுவிடுவார். நல்ல வீடு பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. கைபேசியில் நடிகர் வீட்டுப் படத்தைக் காட்டி, மேற்குப் பார்த்த மனையில் இரண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடி கேட்பவர்களிடம் ஏப்ரல் வெயிலை எடுத்துச் சொல்வதே என் வேலையில் பாதி.

இத்தொழிலுக்கு ஐந்தாண்டுப் பட்டப்படிப்பும் கட்டடக்கலைக் குழுமத்தின் பதிவும் வேண்டும். பிரபலங்களுக்கு வேலை செய்வதானால், பூட்டிய வாயும் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் வரைந்த வீடொன்றின் கிரகப்பிரவேசத்தன்று, என்னைப் பந்தலிலேயே அமர்த்தி, இலை போட்டு, மரியாதையாகவே அனுப்பி வைத்தார்கள். உள்ளே எந்தக் கதவு எத்தனை அடி என்பது எனக்கு மனப்பாடம். ஆனால் முடிந்த வீட்டுக்குள் நான் இன்றுவரை காலடி வைத்ததில்லை. காரணத்தை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இனத்தைச் சொல்லி வீடு மறுக்கும் ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்தது. அதன் பின்னரே, 1950களின் தொடக்கத்தில், வில்லியம்ஸ் தாம் வடிவமைத்த சொந்த வீட்டில் குடியேறினார். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் தங்கப் பதக்கம் அவருக்கு 2017இல் வழங்கப்பட்டபோது, அவர் இறந்து 37 ஆண்டுகள் ஆகியிருந்தன.