நீலத்தைத் தொட்டால் பச்சை ஏன் பூஜ்ஜியம்?

கேள்வி: இணையத்தில் புடவை விற்கிறோம். நிறம், துணி, விலை என்று மூன்று ஃபில்டர், தேடலுக்கு எலாஸ்டிக்சர்ச் என்ற மென்பொருள். வாடிக்கையாளர் 'நீலம்' என்று டிக் செய்ததும் மற்ற நிறங்களெல்லாம் 0 ஆகிவிடுகின்றன. நீலத்தோடு பச்சையையும் சேர்த்துப் பார்க்க வழியில்லை. எங்கே தப்பு?
– ஈரோடு வாசகர்

பதில்: நிறத் தேர்வைத் தேடல் வினவலுக்குள்ளேயே (query) வைத்துவிட்டீர்கள். நீலப் புடவைகள் மட்டும் மிஞ்சிய குவியலில் பச்சையை எண்ணினால் பூஜ்ஜியம்தான் வரும்.

ஒரே ஃபில்டருக்குள் இருப்பவை 'அல்லது': நீலம் அல்லது பச்சை. ஃபில்டருக்கும் ஃபில்டருக்கும் நடுவே 'மற்றும்': நீலம், கூடவே பட்டு. ஆகவே எந்த ஃபில்டருக்கு எண்ணுகிறீர்களோ, அதன் சொந்தத் தேர்வை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றையெல்லாம் போட்டு எண்ண வேண்டும். ஒருவர் நீலமும் பட்டும் தேர்ந்தால், நிறங்களுக்குப் பக்கத்தில் வரும் எண்கள் பட்டுப் புடவைகளிலிருந்து வர வேண்டும். துணிகளுக்குப் பக்கத்தில் வருபவை நீலப் புடவைகளிலிருந்து. நீலப் பட்டு மட்டும் என்பது கீழே வரும் பொருள் பட்டியலுக்குத்தான்.

இதற்கு, தேடிய சொல்லையும் பிரிவையும் மட்டும் வினவலில் வையுங்கள். டிக் செய்தவை எல்லாம் 'போஸ்ட் ஃபில்டர்' பகுதிக்குப் போகட்டும். அது எண்ணி முடித்த பிறகே பட்டியலைச் சுருக்கும். பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். அப்போது பட்டைத் தேர்ந்தாலும் நிற எண்கள் குறையாது. 'பச்சை 40' என்று காட்டும், தொட்டால் 6 வரும். பூஜ்ஜியத்தைவிட இது மோசம், கடைக்காரர் பொய் சொல்கிறார் என்றே வாங்க வந்தவர் நினைப்பார். அதனால் ஒவ்வொரு ஃபில்டரின் அக்ரிகேஷனையும் (எண்ணும் பகுதி) ஒரு 'ஃபில்டர் அக்ரிகேஷன்' உள்ளே வைத்து, மற்ற ஃபில்டர்களின் தேர்வுகளை அதில் கொடுங்கள்.

சோலார் (Solr) என்ற இன்னொரு தேடல் மென்பொருளில் வேலை இன்னும் சுருக்கம்: தேர்வுக்கு 'டேக்' பெயர் சூட்டி, எண்ணும் இடத்தில் அதே பெயரை 'எக்ஸ்' (ex) என்று விலக்கினால் போதும். வெறும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் என்றால் மூன்று ஃபில்டருக்கு மூன்று எண்ணும் வினவல், பட்டியலுக்கு ஒன்று, ஆக நான்கு.

கேள்வி: சோலார் வைத்திருக்கிறோம். 'ராமர் பச்சை' என்ற நிறம், நிறப் பட்டியலில் 'ராமர்' தனியாக, 'பச்சை' தனியாக வருகிறது!
– காஞ்சிபுரம் வாசகர்

பதில்: சொல்சொல்லாகப் பிரிக்கும் டெக்ஸ்ட் வகையில் நிறத்தைச் சேமித்திருக்கிறீர்கள். ஃபில்டருக்கு 'ஸ்ட்ரிங்' வகையில் இன்னொரு நகல் வைத்து, எல்லாவற்றையும் மீண்டும் இண்டெக்ஸ் செய்யுங்கள். (எலாஸ்டிக்சர்ச்சில் இதற்குக் 'கீவேர்டு'.)

இதைச் சரிசெய்த கையோடு மெரூன், அரக்கு, அரக்குச் சிவப்பு என்று ஆளுக்கொரு விதமாக ஏற்றியதையும் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு அடிப்படை நிறங்களுக்குள் அடக்கி ஃபில்டரில் காட்டுங்கள். ராமர் பச்சை, மாம்பழ மஞ்சள் போன்ற பெயர்கள் பொருளின் பக்கத்தில் அழகாக இருக்கட்டும். ஃபில்டர் வேலையில் பாதி இந்தச் சலிப்பூட்டும் சுத்தம்தான். எண்ணிக்கை 0 உள்ளவற்றையும் சோலார் இயல்பாகவே காட்டும். குறைந்தபட்ச எண்ணிக்கையான 'மின்கவுண்ட்' (mincount) அளவை 1 ஆக்குங்கள். ஆனால் ஏற்கெனவே டிக் செய்த மதிப்பு 0 ஆனாலும் மறைக்கக் கூடாது. மறைத்தால் அந்த டிக்கை எப்படி எடுப்பது?

கேள்வி: எலாஸ்டிக்சர்ச்சில் சுடிதார் பிரிவு. அடைப்புக்குறியில் 14 என்கிறது, தொட்டால் 15 வருகிறது. வேறு இடத்தில் குறைகிறது. 30 நிறம் இருக்க 10தான் தெரிகிறது.
– திருப்பூர் வாசகர்

பதில்: கடைசியில் கேட்டது எளிது: மதிப்பு வாரியாக எண்ணும் டெர்ம்ஸ் அக்ரிகேஷன் இயல்பாகவே 10 மதிப்புதான் தரும், 'சைஸ்' அளவை 50 ஆக்குங்கள்.

14 என்று காட்டி 15 வந்தால், முதலில் விலை எல்லையைப் பாருங்கள். விலைக் கட்டங்களாக எண்ணும் ரேஞ்ச் அக்ரிகேஷனில் தொடக்க எண் சேரும், முடிவு எண் சேராது. 500–1000 என்ற கட்டத்தில் சரியாக ₹1000 விலையுள்ள சுடிதார் எண்ணப்படாது. தொட்டதும் ஓடும் ஃபில்டரில் '1000 வரை' என்று எழுதியிருந்தால் அது உள்ளே வந்துவிடும். இரண்டிலும் '1000க்குக் கீழ்' என்றே வையுங்கள்.

குறைவதற்கு அநேகமாகச் சுடிதாரின் சைஸ்தான் (எம், எக்ஸ்எல்) காரணம். ஒரே சுடிதாரின் ஐந்து சைஸையும் ஐந்தாக எண்ணி, பட்டியலில் ஒன்றாகக் காட்டுகிறீர்கள். நிறம், சைஸ், இருப்பு மூன்றையும் ஒவ்வொரு சேர்க்கையும் தனிக் கட்டாக நிற்கும் 'நெஸ்டட்' வகையில் வைத்து, கட்டிலிருந்து பொருளுக்குத் திரும்பும் 'ரிவர்ஸ் நெஸ்டட்' கொண்டு பொருளை எண்ணுங்கள். நெஸ்டட் இல்லாவிட்டால், சிவப்பில் எம், நீலத்தில் எக்ஸ்எல் மட்டும் உள்ள சுடிதார், சிவப்பு எக்ஸ்எல் தேடுபவர் முன்னும் வந்து நிற்கும்.